விடிகருக்கல் வீடு

சித்திரை மாதத்தில், மல்லிகைச் செடிகள் தம் கிளைகளால் தாங்க முடியாத அளவுக்கு மொட்டு விட்டு, நிலக்கோட்டைச் சந்தையில் உதிரிப்பூவை வாங்க ஆளில்லாமல் கூடைகள் தேங்கிக் கிடந்த நாள்களில், சீலநாயக்கம்பட்டியின் கிழக்குத் தெருவில் எல்லா வீடுகளிலும் வழக்கம்போல் பொழுது விடிந்தது. மங்களேஸ்வரியின் வீட்டில் மட்டும் விடியவில்லை.

பூக்கூடைகளை மினி வேனில் ஏற்றிச் சென்று சந்தையில் இறக்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு வீடு திரும்பிய அவள் கணவன் நல்லகாமு, கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்தபடி வாசற்படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தபோது, உள்ளே மார்கழி மாதத்து விடிகருக்கலாக இருந்தது. தரை சில்லிட்டிருந்தது, கவிழ்த்து வைத்த பாத்திரங்களின் மேல் பனி படர்ந்திருந்தது, கூரையின் நடுவே பதித்திருந்த கண்ணாடி ஓட்டில், வெளியே கண்ணைக் கூசவைக்கும் சூரியன் தெரியவேண்டிய இடத்தில், விடிவெள்ளி ஒன்று அசையாமல் நின்றது. அவன் வெளியே வந்தான். வெயில் பிடரியைச் சுட்டது. உள்ளே போனான், பற்கள் கிட்டிக்கொண்டன. இப்படிச் சிலமுறை போய்வந்த பின், தான் இன்னும் தேநீர் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வர, இருட்டில் தடவி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கேட்டான்.

“மங்களம், சீனி டப்பா எங்க?”

மூலைக் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து பதில் வர வெகு நேரமானது.

“தெரியலைங்க.”

தன் வீட்டு ஊசியிலிருந்து எதிர்வீட்டுக் குடும்ப அட்டை வரை எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவள் அவள். ஆகவே நல்லகாமுவுக்கு இருட்டைவிட, குளிரைவிட, அந்த ஒரு சொல்தான் விசித்திரமாக இருந்தது. சீனியில்லாத தேநீரை நின்றபடியே குடித்து முடித்து, ஒரு போர்வையை எடுத்து அவள் மேல் இன்னொன்றாகப் போர்த்திவிட்டு, வேனைக் கழுவப் போனான்.

அடுத்த வீட்டு அருளாயிதான் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுபோனாள். மல்லிகைக் காட்டில் நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு பொழுது புலரும் முன் பூப்பறிக்கும் பெண்களில் இவர்கள் இருவரும் பல வருடங்களாக அடுத்தடுத்த பாத்தியில் நிற்பவர்கள். மங்களேஸ்வரி நிற்கிற பாத்தியிலிருந்து எப்போதும் ஒரு கேலியோ, யாரையாவது போல் பேசிக் காட்டும் குரலோ கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பறிப்பதால் அந்தக் காட்டில் மட்டும் மொட்டுகள் காம்போடு வருகின்றன என்று பூ வியாபாரி சுருளியாண்டி குறைப்பட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவள் வேலைக்கு வராத அன்று அருளாயி கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். வாசற்படியைத் தாண்டியதும் அவள் மூக்குக் கண்ணாடி மூடுபனியால் மறைந்தது. அதைக் கழற்றி முந்தானையில் துடைத்து, கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“என்னாத்தா செய்யுது?”

“ஒண்ணும் செய்யலைக்கா.”

“காய்ச்சலா?”

“இல்ல.”

“நல்லகாமு எதும் சொன்னாப்லயா?”

“அவரு என்ன சொல்வாரு, பாவம்.”

அருளாயி இதைத் தெருக்குழாயடியில் அப்படியே ஒப்பித்தாள். பெண்கள் குடங்களை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்கள். புருஷன் அடிக்கிறவன் இல்லை. ஒரே மகள் திண்டுக்கல் விடுதியில் தங்கி நன்றாகப் படிக்கிறாள். வீட்டில் சமீபத்தில் சாவு இல்லை, சண்டை இல்லை. “ஒண்ணுமே இல்லாமயா ஒருத்திக்கு விடியாமப் போகும்?” என்றாள் ஒருத்தி. “இருந்தாத்தான் சொல்லிருவாளே, அவளுக்கென்ன வாய்க்குப் பஞ்சமா?” என்றாள் இன்னொருத்தி. மின்வாரியத்து ஊழியர் வந்து மீட்டரைத் திறந்து பார்த்து, “லைன் சுத்தமா இருக்குங்க. இருட்டுக்கு நாங்க பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு, போகும்போது அந்தக் குளிரில் சற்று நின்று, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார். காரணம் கிடைக்காததால் தெரு காரணம் தேடுவதை விட்டது; கத்திரி வெயில் தொடங்கிவிட்டதால் வேறொன்றைக் கவனிக்கத் தொடங்கியது.

தார்ச்சாலை இளகி செருப்பைப் பிடித்து இழுத்த அந்த வெயிலில், சிறுமலைப் பக்கத்திலிருந்து வரும் காற்றுகூடக் கொதிநீராவியாக வந்த அந்த மதியங்களில், தெருவின் நடுவே ஒரு வீட்டில் மட்டும் மார்கழி நின்றுகொண்டிருந்தது. முதலில் வேர்க்குரு வந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். “மங்களம், புள்ள நச்சரிக்குது, செத்த நேரம் இப்படிக் கெடத்திக்கிறட்டுமா?” என்றாள். “கெடத்துங்க” என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. பிறகு தயிர்ச் சட்டிகள் வந்தன, புளிக்காமல் இருந்தன. வெண்ணெய் வந்தது, உருகாமல் இருந்தது. பகலில் தூங்க முடியாத இரவுக் காவலாளிகள் பாயோடு வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, எங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்கிப் போனார்கள். கடைசியாகச் சுருளியாண்டி ஈரச்சாக்கு போர்த்திய கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

“தாயி, சந்தையில வெல இறங்கிக் கெடக்கு. வெளியில வச்சா மொக்கெல்லாம் சாயங்காலத்துக்குள்ள பல்லக் காட்டிருது. ஓரமா ஒரு கூடைய வச்சுக்கிறட்டுமா?”

“வைங்க.”

ஒரு கூடை பல கூடைகளாயிற்று. அந்த வீட்டில் மொட்டுகள் பறித்த நிமிடத்தில் இருந்தபடியே, முத்துப்போல் இறுகி, நாள் கணக்கில் கிடந்தன. சுவரோரம், அடுப்பங்கரை, கட்டிலுக்குக் கீழே எனக் கூடைகள் பெருகின.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி இடியாப்பம் கொண்டுவந்தாள், ஒருத்தி மிளகு ரசம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த கம்பளியையே கொடுத்தாள். எல்லோரும் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். போகும்போது அவள் காலை மூடிவிட்டுப் போனார்கள். “நல்லா ரெஸ்ட் எடு ஆத்தா” என்றார்கள். வெளியே வந்ததும், “மகராசி, நாமெல்லாம் பஸ் ஏறிப் போகணும், இவளுக்குப் படுத்த எடத்துலயே கொடைக்கானல்” என்றார்கள். மங்களேஸ்வரி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல எழுந்து உட்கார வேண்டும். எழுந்து உட்காருவது அப்போது அவளுக்குச் சிறுமலையைத் தூக்கி வைப்பதாக இருந்தது. இதை அவள் சொல்லவில்லை, தெருவும் கேட்கவில்லை. வீடு நிறைய ஆள்கள் வந்துபோக, அந்த ஆள்களுக்கு நடுவே, இருட்டில், அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

வைகாசியில் அருளாயியின் மகள் ரீத்தாவுக்குக் கல்யாணம் வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் பொதுவான வழக்கம். நல்ல காரியத்துக்கு ஒருத்தியை அழைப்பதென்றால் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போவது அழைப்பாகாது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, அவள் கையிலேயே கொடுத்து, அவள் கன்னத்தில் சந்தனம் தடவி, வாய் திறந்து ‘வந்துரணும்’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள், வராதது குற்றமுமாகாது. அருளாயி ஊர் முழுக்க அப்படி அழைத்தாள். அடுத்த வீட்டுக்கு வந்தபோது உள்ளே வழக்கம்போல் கருக்கலாக இருந்தது. மங்களேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ‘இவ எங்க வரப்போறா, பாவம், எதுக்கு எழுப்பிக்கிட்டு’ என்று நினைத்து, வெற்றிலை பாக்கையும் பத்திரிகையையும் ஒரு பூக்கூடையின் சாக்கின் மேல் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டாள். அன்பினால் செய்ததுதான் அது.

மணப்பெண்ணுக்கான பூவைச் சுருளியாண்டி தன் பரிசாகக் கொடுத்தார். மங்களேஸ்வரி வீட்டில் இருந்ததிலேயே பருத்த மொட்டுகளைப் பொறுக்கிச் சரமாகத் தொடுத்து அனுப்பினார். காலையில் தலையில் வைத்த மொட்டு மாலை வரவேற்புக்குள் விரிந்து பந்தல் முழுக்க மணக்க வேண்டும். விரியவில்லை. ரீத்தாவின் பின்னலில், தோழிகளின் கொண்டையில், மேடைத் தோரணத்தில், எங்கும் மொட்டுகள் காலையில் இருந்தபடியே இறுகி நின்றன. பந்தலில் சாம்பார் வாசனை மட்டும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி சரத்தை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“ஏன் யாவாரி, பூவூருன்னு பொண்ணெடுத்தா பிளாஸ்டிக்கு பூவக் கட்டி அனுப்பியிருக்கீங்களே?”

சுருளியாண்டி ஒரு மொட்டைக் கிள்ளி எடுத்துத் திருகிப் பார்த்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார். “கெடல. அழுகல” என்று அருளாயியிடம் மெல்லச் சொன்னார். “விரியணுங்கிறதையே மறந்து போச்சு, ஆத்தா.”

அருளாயி மணப்பெண்ணின் தலையிலிருந்து அவிழ்த்த சரத்தைக் கையில் பிடித்தபடி, பட்டுச்சேலையோடு நேரே அடுத்த வீட்டுக்குள் போனாள். கூடைகளின் நடுவே வழி தேடிக் கட்டிலை அடைந்தாள். பனியில் பூத்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பல வாரங்களில் முதல்முறையாக, குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கன்ன எலும்பு துருத்தியிருந்தது. கண் திறந்திருந்தது.

“ரீத்தாவுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சாக்கா?”

“முடிஞ்சிருச்சு.”

“பட்டுச்சேல சரசரக்குது. அதான் கேட்டேன். நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். தெம்பில்ல. ஆனா கூப்பிட்டிருக்கலாம்.”

அருளாயி கூடையின் மேல் தான் வைத்த வெற்றிலை வைத்தபடி வாடாமல் இருப்பதைப் பார்த்தாள். கையிலிருந்த சரத்தைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, அழுகையை அடக்கத் தலையை அண்ணாந்தபோதுதான் கண்ணாடி ஓட்டைக் கவனித்தாள். முன்பு ஓட்டின் நடுவே நின்ற விடிவெள்ளி இப்போது கிழக்கு விளிம்புக்கு இறங்கியிருந்தது. பூப்பறிக்கிறவர்களுக்கு அதன் பொருள் தெரியும். விடியப்போகிற நேரத்தில் அந்த வெள்ளி ஏறும், இது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் பொழுது விடியலை நோக்கிப் போகாமல் பின்னோக்கி, நள்ளிரவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளி ஓட்டை விட்டு நழுவிவிட்டால் அப்புறம் இது விடியக் காத்திருக்கும் வீடாக இருக்காது.

இதைக் கேட்டதும் தெரு பதறியது. பதறியதால் தவறும் செய்தது. கல்யாணப் பந்தலிலிருந்த பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து வீட்டுக்குள் நிறுத்தினார்கள். அவை மூடுபனிக்குள் மின்மினிகளாகச் சுருங்கின. மறுநாள் ஆண்கள் கூரையேறி ஓடுகளைப் பிரித்தார்கள். முதுகில் வைகாசி வெயில் எரிய, குனிந்து அவர்கள் கண்ட துளைக்குள் பனி பெய்தது. கையை நீட்டிய ஒருவனுக்கு விரல் விறைத்தது. ஓடுகளை மறுபடி வேய்ந்துவிட்டு இறங்கினார்கள். பிறகு ஆளாளுக்குப் பேசிப் பார்த்தார்கள். “எல்லாருக்குந்தான் கஷ்டம், நாங்கள்லாம் படுத்தா கெடக்கோம்?” என்றார்கள். “மனசத் தைரியமா வச்சுக்க” என்றார்கள். “உனக்கென்ன கொற, புள்ளையப் பாரு, புருஷனப் பாரு” என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் சரி என்றாள்; ஒவ்வொரு சரிக்கும் வெள்ளி ஒரு மயிரிழை இறங்கியது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நல்லகாமு, அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் வேனை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் ஷமீமாவை அழைத்துவந்தான்.

டாக்டர் உள்ளே நுழைந்ததும் துப்பட்டாவைத் தோளில் இறுக்கிக்கொண்டார். இருட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பூக்கூடைகளைப் பார்த்தார், தயிர்ச் சட்டிகளைப் பார்த்தார், தரையில் கட்டிலருகே உட்கார்ந்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ருசி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் வேண்டிய நேரம் காத்திருந்தார். பிறகு அதே குரலில், “செத்துரலாம்னு தோணுதாம்மா?” என்று கேட்டார்.

இப்படியா கேட்பார்கள் என்று வாசலில் நின்ற ஒருத்தி முணுமுணுத்தாள்.

“தோணும்” என்றாள் மங்களேஸ்வரி. “அதுக்கும் எந்திரிக்கணுமே.”

நல்லகாமு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் அவள் கையைப் பற்றியபடி, கேட்டதற்குச் சொன்னீர்களே, அது பெரிய காரியம் என்றார். வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“இதுக்குப் பேரு மனச்சோர்வு. காரணம் இருந்தும் வரும், இல்லாமயும் வரும். சோம்பேறித்தனம் இல்ல, கொழுப்பும் இல்ல. காமாலை மாதிரி இதுவும் ஒரு நோய்தான். மாத்திரை தர்றேன், வேலை செய்யச் சில வாரம் ஆகும். பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டரயும் பாக்கணும். அதுவரைக்கும் இவங்கள ராத்திரி பகல் தனியா விடாதீங்க.”

“வெயில எப்படியாச்சும் உள்ள கொண்டாந்துட்டா சரியாயிருமா டாக்டரம்மா?” என்று சுருளியாண்டி கேட்டார்.

“கூரையப் பிரிச்சுப் பாத்தாச்சுன்னு சொன்னாங்க” என்று டாக்டர் சிரித்தார். “காலை வெயில் படணும், கொஞ்சமாவது நடக்கணும், வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், கையில ஏதாச்சும் சின்ன வேலை. மாத்திரையோட இதெல்லாம் சேந்தாத்தான் நல்லது. ஆனா இழுத்துட்டுப் போகாதீங்க. கூப்பிடுங்க. வரலைன்னா மறுநாளும் கூப்பிடுங்க.”

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு அருளாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றே தெரு தன் மார்கழியைத் திருப்பிக் கொடுத்தது. பாய்கள் போயின, தயிர்ச் சட்டிகள் போயின, குழந்தைகள் மறுபடி வேர்க்குருவோடு அழுதன. சுருளியாண்டி ஒவ்வொரு கூடையாகத் தானே தலையில் தூக்கிச் சென்றார். கடைசிக் கூடையைத் தூக்கும்போது கட்டிலைப் பார்த்து, “வச்சதுக்கு மன்னிச்சுக்க தாயி” என்றார். “பரவால்லைங்க யாவாரி, துணைக்கு இருந்துச்சு” என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அவர் சற்று நேரம் சுமையை இறக்காமலே நின்றார்.

மறுநாள் காலை அருளாயி தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், சந்தனக் கிண்ணம். கட்டிலருகே உட்கார்ந்து, தட்டை மங்களேஸ்வரியின் கையில் கொடுத்து, எலும்பு துருத்திய அந்தக் கன்னத்தில் சந்தனம் தடவினாள்.

“உங்க வீட்டு வாசப்படியில வெயில் விழுது. நீ வந்துரணும்.”

மங்களேஸ்வரி தாம்பாளத்தைப் பார்த்தாள். “இதுக்கா தட்டு?”

“இதுக்குத்தான்.”

“முடியலைன்னா?”

“நாளைக்கும் கூப்பிடுவேன். வெத்தல வாங்கி வச்சிருக்கேன்.”

அன்று அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அருளாயி வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே இருப்பவளுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துப் பூக்கட்டிவிட்டு எழுந்து போனாள். ஒரு காலையில், கட்டிக்கொண்டிருந்த நார் அறுந்து அவள் குனிந்தபோது, பின்னாலிருந்து, கதவு நிலைக்கு வெளியே, ஒரு கை நீண்டிருந்தது. கை மட்டும். உள்ளங்கை மேல்நோக்கி, வெயிலில். அருளாயி திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சுக்கூட விடாமல் நாரை முடிந்தாள். சிறிது நேரம் அந்தக் கை வெயிலை ஏந்திக்கொண்டிருந்தது. பின் உள்ளே போய்விட்டது. மாலையில் நல்லகாமு அந்தக் கையைத் தொட்டபோது ஓர் உள்ளங்கை மட்டும் வைகாசியாக இருந்தது.

அதற்குப் பிறகு தெரு முழுவதும் தாம்பாளத்தை எடுத்தது. எதிர்வீட்டுக்காரி வற்றல் காயவைக்கிற விசேஷத்துக்கு வந்து வெற்றிலை வைத்தாள். அடுத்தவள் தன் வெள்ளாடு ஈன்ற குட்டி முதல்முதலாக நிற்கப்போகிறது, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சந்தனம் தடவினாள். குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஒருத்தி அழைத்தாள். தண்ணீர் வரவில்லை, ஆனாலும் குழாயடியில் எல்லோரும் நின்று குடிநீர் வாரியத்தைத் திட்டப்போகிறோம், அவசியம் வர வேண்டும் என்று இன்னொருத்தி அழைத்தாள். விடுமுறைக்கு வந்த மகள் தேன்மொழி, அம்மாவுக்குத் தலை சீவிவிடும் விழாவுக்கு அம்மாவையே அழைத்து, சந்தனத்தைத் தன் கன்னத்திலும் பூசிக்கொண்டாள். வேளைக்குச் சோறு வந்தது, வேளைக்கு மாத்திரை வந்தது, இரவில் விளக்கணைக்கும் நேரம் மாறாமல் இருந்தது, எந்நேரமும் வீட்டில் ஒருவர் இருந்தார். தெருவுக்குள் ஓர் எழுதாத கட்டுப்பாடும் உண்டாயிற்று: எப்படி இருக்கிறாய் என்று யாரும் அவளைக் கேட்கக் கூடாது. சுருளியாண்டிதான் அடிக்கடி மீறினார், “எப்படி இருக்” என்று தொடங்கி, அருளாயியின் கண்ணைப் பார்த்ததும், “எப்படி இருக்கு பாரு இந்தச் சரம், நெருக்கமா கட்டியிருக்காளுகளா?” என்று முடித்தார்.

“கட்டல” என்பாள் மங்களேஸ்வரி. சில நாள் அந்த ஒரு சொல்தான் அவள் பேசியதாக இருக்கும்.

கை வந்த இடத்துக்குக் கால் வந்தது. கால் வந்த பின் ஒரு நாள் முழு ஆளும் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, வெயிலில் கண் கூசி, கண்ணீர் வழிய, எழாமல் இருந்தாள். அருளாயியோடு குழாயடி வரை நடந்தாள். பின் ஆலமரம் வரை. பின் மல்லிகைக் காட்டின் வரப்பு வரை போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பாய்ந்த மண்ணில் காலை வைத்து நின்றாள். இது ஏறுமுகமாகவே போகவில்லை. வரப்பு வரை போன வாரத்துக்கு அடுத்த வாரம் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வெள்ளி மறுபடி விளிம்புக்கு வந்து, பாதி மறைந்து, ஓட்டின் ஓரத்தில் நடுங்கியது. நல்லகாமு அவளை வேனில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அருளாயி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

“உங்க வீட்டு வாசப்படியில வெயில் விழுது. வந்துரணும்.”

“பழைய பத்திரிகையா?” என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டது. பல மாதங்களில் அவள் பேசிய முதல் கேலி அது. அருளாயி வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்; பின் பூக்கட்டினாள்.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு நாள், மங்களேஸ்வரி பூப்பறிக்கப் போனாள். முழுப் பாத்தியும் பறிக்கவில்லை, கால்வாசியில் நின்றுகொண்டாள். கிழக்கு வெளுத்தபோது மற்றவர்கள் நெற்றி விளக்கை அணைத்தார்கள். அவள் மடியிலிருந்த மொட்டுகளைக் கையால் அளைந்தபடி, சூரியன் வருவதை, அது தன்னை அழைத்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல், பார்த்துக்கொண்டு நின்றாள். அதே நேரத்தில், வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த நல்லகாமு, ஏதோ கூசுகிறதே என்று கண்ணைச் சுருக்கினான். கண்ணாடி ஓட்டில் வெள்ளி இல்லை. ஒரு சதுர வெயில் தரையில் விழுந்து, காலியாகக் கிடந்த கட்டிலின் காலைத் தொட்டு, சுவரில் ஏறி, ஆணியில் மாட்டியிருந்த ரீத்தாவின் சரத்தை எட்டியது. வைகாசியிலிருந்து இறுகிக் கிடந்த மொட்டுகள் ஒவ்வொன்றாக, மெல்லிய ஓசையோடு, விரிந்தன. வாசனை வீட்டை நிறைத்து, படி தாண்டித் தெருவுக்கு வந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் மூக்கை உயர்த்தினார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பிடித்தார்கள்.

மடியில் பூவோடு வந்த மங்களேஸ்வரி, படியில் நின்று, வெளிச்சமான தன் வீட்டை எட்டிப் பார்த்தாள்.

“எம்புட்டு நூலாம்படை” என்றாள். உள்ளே போய் அடுக்களை மாடத்தைத் துழாவினாள். “ஏங்க, சீனி டப்பா எங்க?”

“தெரியலையே” என்றான் நல்லகாமு. இத்தனை நாளும் அவன் சீனியில்லாமலே குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது தாம்பாளத்தை எடுத்துக் கழுவித் துடைத்து, வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, சந்தனம் குழைத்து, அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள். அருளாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மங்களேஸ்வரி தட்டை அவள் கையில் கொடுத்தாள். கன்னத்தில் சந்தனம் தடவினாள். விரல் சூடாக இருந்தது.

“எங்க வீட்ல பொழுது விடிஞ்சிருக்குக்கா. குடும்பத்தோட வந்துரணும். டீ போட்டிருக்கு.”

அருளாயி “நாளைக்கும் விடியுமாத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியலைக்கா” என்றாள் மங்களேஸ்வரி. “விடியலைன்னா நீங்க தட்ட எடுத்துக்கிட்டு வாங்க.”